மாசி முதல் வைகாசி வரை: காட்டுக்குக் குடிவந்தவர்களிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காங்கேயத்துக்கும் தாராபுரத்துக்கும் நடுவில் இருக்கும், என் வீட்டுக்காரரின் பூர்வீகக் காட்டுக்கு நாங்கள் குடிவந்து இது நாலாவது கோடை. எங்கள் பக்கம் காடு என்றால் வனம் இல்லை, மானாவாரி நிலத்துக்கு அதுதான் பேர். நான், வீட்டுக்காரர், இரண்டு பிள்ளைகள், அத்தை (மாமியாரைத்தான் சொல்கிறேன்) என ஐந்து பேர். மொத்தம் நாலு ஏக்கர். இரண்டு ஏக்கர் உழவு, ஒன்றரை ஏக்கர் கொறங்காடு என்கிற மேய்ச்சல் நிலம், மிச்சத்தில் சாளை (காட்டு வீடு), கட்டுத்தரை (மாடு கட்டும் இடம்), மரங்கள்.

பங்குனி பிறந்தால் போதும், சொந்தக்காரர்களும் திருப்பூரில் கூட வேலை பார்த்தவர்களும் வரிசையாகக் கூப்பிடுவார்கள். கேட்பது எல்லாம் ஒரே கேள்விகள்தான். அவர்கள் கேட்ட வாக்கிலேயே அவற்றை இங்கே எழுதி வைத்திருக்கிறேன்.

"வெயில் காலத்துல காட்டுல அப்படி என்னதான் வேலை? எல்லாம் காஞ்சுதானே கிடக்கும்?"

காய்ந்து கிடப்பதால்தான் வேலை. மாசிக்குள் சோளத்தட்டை, அதாவது அறுத்துக் காய்ந்த சோளத்தண்டை, போராக அடுக்கி முடிக்க வேண்டும். பங்குனியில் புளி, வேப்பம்பூ, எருக்குழியைக் காலி செய்வது. சித்திரையில் குட்டைக்குத் தூர் எடுப்பது, வேலிக்குப் போத்து (நடுவதற்கு வெட்டிய கொம்பு) நடுவது, கூரை பார்ப்பது, மழை பெய்த மறுநாளே உழவு. வைகாசியில் எள், தட்டைப்பயறு, பலதானியம் (மண்ணுக்கு உரமாக மடக்கி உழக் கலந்து விதைப்பது). இதற்கு நடுவில் மே 4 முதல் 28 வரை கத்திரி வெயில் வேறு. காலை ஆறு முதல் பத்து, சாயங்காலம் நாலரைக்கு மேல், அவ்வளவுதான் மனுஷன் காட்டில் நிற்க முடிந்த நேரம்.

இத்தனைக்கும் கெடு ஒன்றே ஒன்று: முதல் உழவு மழை. அது எந்தத் தேதி என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஒரு வருஷம் பங்குனி கடைசியிலேயே பெய்துவிட்டது. அடுத்த வருஷம் வைகாசி பாதி வரை வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"தற்சார்புன்னா கடைக்கே போக மாட்டீங்களா?"

போவோம். அரிசி, எண்ணெயில் பாதி, உப்பு, சர்க்கரை, டீத்தூள், சோப்பு, பிள்ளைகளின் பிஸ்கெட் எல்லாம் கடைதான். சோளம், கம்பு, துவரை, தட்டைப்பயறு, பால், முட்டை, புளி, வருஷத்தில் ஏழெட்டு மாசக் காய்கறி, இவை காட்டிலிருந்து வருகின்றன. நாங்கள் போட்ட கணக்கே அவ்வளவுதான்.

"சித்திரையில உழுது என்ன பண்றீங்க? விதைக்கிறது ஆடியிலதானே?"

'சித்திரை மாதப் புழுதி பத்தரை மாற்றுத் தங்கம்' என்று அத்தை சொல்லும்போது முதல் வருஷம் சிரித்தேன். இப்போது நானே பிறருக்குச் சொல்கிறேன். எங்கள் மண் சரளை கலந்த செம்மண். தையில் அறுவடை முடிந்ததும் ஓடு மாதிரி இறுகிவிடும். அப்படியே விட்டால் கோடை மழை மேலாக ஓடிப் பக்கத்துக் காட்டுக்கும் பள்ளத்துக்கும் போய்விடும். உழுது வைத்தால் விழுந்த இடத்திலேயே இறங்கும். கூடவே, மண்ணுக்குள் கூட்டுப்புழுவாகக் கிடக்கும் பூச்சிகள் மேலே வந்து வெயிலில் சாகும், இல்லையென்றால் கொக்குக்கும் மைனாவுக்கும் இரையாகும்.

உழும்போது சரிவுக்குக் குறுக்கே உழ வேண்டும். டிராக்டர்க்காரர் திருப்புவதற்கு எது வசதியோ அப்படி ஓட்டத்தான் பார்ப்பார். பக்கத்தில் நின்று சொல்லாவிட்டால் சரிவோடு சேர்த்து வாய்க்கால் போட்டுக் கொடுத்துவிடுவார், அடுத்த மழையில் மேல்மண் போய்விடும். ஐந்து கொத்துக் கலப்பை போதும். ரோட்டாவேட்டர் வேண்டாம். அது மண்ணை மாவாக்கும், மழை பட்டதும் பொருக்குத் தட்டிப்போகும்.

கோரைக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. கிழங்கு மேலே வந்து தொடர்ந்து நல்ல வெயில் காய்ந்தால்தான் சாகும். ஈரத்தோடு உழுதுவிட்டு அடுத்த மழையும் சேர்ந்துகொண்டால், நீங்கள் கோரையை நட்டுக் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

"பயிற்சிக்குப் போனப்ப உழவே கூடாதுன்னாங்களே?"

கரூர் மாவட்டம் கடவூர்ப் பக்கம் இயற்கை விவசாய அறிஞர் நம்மாழ்வார் ஐயா தொடங்கிய வானகம் பண்ணைக்குப் பயிற்சிக்குப் போய் வந்த நண்பர்கள் பலர் உண்டு. உழவைக் குறைப்பது, மூடாக்குப் போடுவது பற்றிப் பேசாத இயற்கை விவசாயப் பயிற்சியே இல்லை. அதில் எனக்குச் சண்டை கிடையாது. மரங்கள் நிற்கும் இடத்தில் நாங்களும் உழுவதில்லை, சருகும் தட்டுக் கழிவும்தான் மூடாக்கு. கொறங்காட்டில் கலப்பையே இறங்காது.

ஆனால் மூடாக்குக்குப் பொருள் வேண்டும். இரண்டு ஏக்கர் மானாவாரியை மூடும் அளவுக்குத் தட்டு இருந்தால் அதை மாட்டுக்குப் போட மாட்டோமா? வெறும் மண்ணை உழாமலும் மூடாமலும் போட்டு வைப்பதற்கு இயற்கை விவசாயம் என்று பேர் வைக்க முடியாது. விதைக்கிற இடத்தை மட்டும் வருஷத்துக்கு இரண்டு உழவு உழுகிறோம்.

"உழவு மழைன்னா எவ்வளவு மழை?"

கையால் பிடித்தால் மண் உருண்டையாகி, தட்டினால் உதிர வேண்டும். அந்தப் பதம் ஒரு சாண் ஆழத்துக்குப் போயிருந்தால் உழவு மழை. அளவில் சொன்னால் சுமார் 25 மில்லிமீட்டர். ஓர் ஏக்கரில் ஒரு மில்லிமீட்டர் பெய்தால் நாலாயிரம் லிட்டர் தண்ணீர். அப்படியானால் ஒரு நல்ல உழவு மழை ஏக்கருக்கு ஒரு லட்சம் லிட்டர். எட்டு, பத்து டேங்கர் லாரித் தண்ணீர் ஒரு ராத்திரியில் வந்து இறங்குகிறது. உழாத காட்டில் அது எங்கே போகும் என்று மேலே சொல்லியாயிற்று.

இந்தக் கணக்கைப் பார்த்துத்தான் பள்ளமான மூலையில் முப்பதடிக்கு முப்பதடி, ஆறடி ஆழத்தில் குட்டை வெட்டினோம். கரைச் சரிவு போக ஒரு லட்சம் லிட்டர் பிடிக்கும். செம்மண்ணில் தண்ணீர் நிற்காது, பத்துப் பதினைந்து நாளில் இறங்கிவிடும். "ஓட்டைக் குட்டை" என்று ஊரில் கேலி செய்தார்கள். இறங்குவது எங்கள் கிணற்றுப் பக்கம்தான் என்பதால் நான் பதில் சொல்லவில்லை.

"நாங்களும் ஒரு ரெண்டு ஏக்கர் வாங்கலாம்னு இருக்கோம். எப்ப வந்து பாக்குறது?"

சித்திரையில் வந்து பாருங்கள். கார்த்திகையில் எந்தக் காடும் பச்சைதான், எந்தக் கிணறும் நிறைந்துதான் இருக்கும். கத்திரி வெயிலில் கிணற்றில் எத்தனை அடி தண்ணீர், மோட்டார் எத்தனை நிமிஷம் ஓடுகிறது, மறுபடி ஊற எவ்வளவு நேரம் ஆகிறது என்பதைக் கூடவே உட்கார்ந்து பாருங்கள்.

பத்திரத்தில் பார்க்க வேண்டியவை: தாய்ப்பத்திரம், பட்டா, சிட்டா, அ பதிவேடு, புலப்படம், முப்பது வருஷ வில்லங்கம். இதெல்லாம் எல்லோரும் சொல்வார்கள். சொல்ல மறப்பது இரண்டு. ஒன்று, வண்டிப்பாதை. "இத்தனை வருஷமா இப்படித்தான் போறோம்" என்பது பாதை ஆகாது, பத்திரத்தில் எழுதியிருக்க வேண்டும். இரண்டாவது, கிணற்றில் பங்கு. எங்கள் பக்கம் ஒரே கிணற்றில் நாலு பங்காளிகளுக்கு முறை வைத்துத் தண்ணீர். நாலில் ஒரு பங்கு வாங்கினால் நாலு நாளைக்கு ஒரு நாள்தான் மோட்டார் போடலாம். வாய்க்கால் யார் காட்டு வழியாக வருகிறது என்பதையும் நடந்து போய்ப் பார்த்துவிடுங்கள்.

"கிணறு பத்தலைன்னா ஒரு போர் போட்டுக்கலாம்ல?"

கொங்குப் பாறையில் ஆயிரம் அடி போயும் புகை மட்டும் வந்த ஆழ்துளைப் போர்கள் எங்கள் ஊரிலேயே உண்டு. தண்ணீர் வந்தாலும் நாலைந்து கோடைக்குப் பிறகு அது இருக்கும் என்று யாரும் எழுதிக் கொடுக்க மாட்டார்கள். போர் போடும் காசில் குட்டை, வரப்பு, இருக்கிற கிணற்றுக்குத் தூர் என்று செய்து பார்த்துவிட்டு அப்புறம் யோசிக்கலாம் என்பது என் எண்ணம். வீட்டுக்காரருக்கு இதில் இன்னும் அரை மனசுதான்.

இலவச விவசாய மின்சாரம் கிணற்று மோட்டாருக்குத்தான். அதிலிருந்து வீட்டுக்குக் கம்பி இழுக்கக் கூடாது. வீட்டு இணைப்பைத் தனியாக வாங்குங்கள்.

"முதல்ல மாடு வாங்கணுமா, தீவனம் வைக்கணுமா?"

இதை எங்களிடம் கேட்பது சரியான இடம். குடிவந்த முதல் சித்திரையில் கண்ணபுரம் தேர்ச் சந்தைக்கு வேடிக்கை பார்க்கத்தான் போனோம். ஓலப்பாளையம் பக்கம் மாரியம்மன் கோயில் விசேஷத்தோடு கூடும் சந்தை அது. காங்கேயம் மாடுகள் அணிவகுத்து நின்றால் யாருக்கும் மனசு நிற்காது. கன்றோடு ஒரு மயிலைப் பசுவைப் பிடித்து வந்துவிட்டோம். வீட்டில் ஒரு கட்டுத் தட்டு கிடையாது.

கணக்கு இதுதான். ஒரு பசுவுக்கு நாளைக்கு ஆறு கிலோ காய்ந்த தீவனம் என்றால் ஆறு மாசத்துக்கு ஒரு டன்னுக்கு மேல். கோடையில் குடிக்க மட்டும் நாளைக்கு ஐம்பது லிட்டர் தண்ணீர். அந்த வருஷம் சித்திரை முதல் ஐப்பசி வரை தட்டை விலைக்கு வாங்கினோம். கோடையில் தட்டு விலை எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. பசு கறந்தது வேளைக்கு ஒரு லிட்டர், ஒன்றரை லிட்டர். காங்கேயம் பசுவிடம் அதற்கு மேல் எதிர்பார்ப்பதும் தப்பு, அது உழவுக்கும் வண்டிக்கும் பேர்போன இனம். அத்தை ஒரு வார்த்தை திட்டவில்லை. தினமும் தட்டுக் கட்டை எண்ணி மட்டும் வைப்பார், அது திட்டுவதை விட மோசம்.

ஆகவே முதல் வருஷம் சோளம் விதையுங்கள். தட்டுப் போர் நின்ற பிறகு, நிழல் கூரையும் தண்ணீர்த் தொட்டியும் தயாரான பிறகு சந்தைக்குப் போங்கள். வேடிக்கை பார்க்கக் கூட அதற்கு முன் போகாதீர்கள்.

"மழைக்கு அப்புறம் சோளக் கட்டை தழைச்சிருக்கு, பச்சையா இருக்கே, மாட்டை விடலாமா?"

விடாதீர்கள். இந்தப் பக்கத்தில் நீங்கள் வேறு எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம். இளஞ்சோளத்திலும், வெயிலில் வாடிய பயிரிலும், அறுத்த கட்டையிலிருந்து மழைக்குத் தழைக்கும் குருத்திலும் சயனைடு நஞ்சு உண்டாகும். வயிறு நிறைய மேய்ந்த மாடு வாய் பிளந்து மூச்சு வாங்கிச் சில நிமிஷத்தில் விழுந்துவிடும். மாற்று மருந்து கால்நடை மருத்துவரிடம் உண்டு. ஆனால் அவர் வந்து சேரும் நேரம் மாட்டுக்கு இருக்காது.

பூத்த பிறகு அறுத்து நன்றாகக் காயவைத்த தட்டில் அந்தப் பயம் இல்லை. கோடை மழை பெய்ததும் கட்டைகளோடு சேர்த்து உழுதுவிட்டால் ஆசையும் இருக்காது, ஆபத்தும் இருக்காது. கோடை உழவுக்கு இதையும் ஒரு காரணமாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆட்டுக்கு வேறு சங்கதி. மழைக்குப் பின் வரும் இளம்புல்லைத் திடீரென்று நிறைய மேய்ந்தால் துள்ளுமாரி நோய் வரும். மழைக்கு முன்பே தடுப்பூசி போட்டுவிடுங்கள். கொறங்காட்டையும் முதல் மழைக்குப் பின் கொஞ்ச நாள் அடைத்து வையுங்கள். கொழுக்கட்டைப்புல் எழுந்து விதை கொட்ட இடம் கொடுத்தால்தான் அடுத்த வருஷம் புல் இருக்கும்.

"கோழி ஈஸிதானே? சும்மா மேயும்ல?"

அடை வைத்தால் 21 நாளில் குஞ்சு, அது ஈஸி. அப்புறம் வெள்ளைக்கழிச்சல் வந்தால் ஒரே வாரத்தில் கூடை காலி. எங்களுக்கு இரண்டாவது கோடையில் முப்பது குஞ்சுகள் போயின. தடுப்பு மருந்தை "அடுத்த வாரம்" என்று தள்ளிப்போட்டது நான்தான்.

ஏழாம் நாள் கண்ணிலும் மூக்கிலும் சொட்டு மருந்து, எட்டாவது வாரம் இறக்கையில் ஊசி. மருந்தைப் பனிக்கட்டியில்தான் கொண்டுவர வேண்டும், கலக்கிய பின் ஓரிரு மணி நேரத்துக்குள் போட்டுவிட வேண்டும். ஒரு குப்பியில் நூறு கோழிக்கு மருந்து இருக்கும். உங்களிடம் பதினைந்துதான் என்றால் அக்கம்பக்கத்துச் சாளைகளுக்குச் சொல்லி ஒரே நாளில் சேர்ந்து போடுங்கள். அவர்கள் கோழிக்குப் போடாமல் உங்கள் கோழிக்கு மட்டும் போட்டு நிம்மதியாக இருக்கவும் முடியாது.

"எருவுக்கு என்ன பண்றீங்க? ஒரு மாட்டுச் சாணி பத்துமா?"

பத்தாது. செம்மறி பட்டி போடச் சொல்கிறோம். மேய்ச்சல்காரர்கள் ராத்திரி மந்தையை நம் காட்டில் அடைத்து வைப்பார்கள். புழுக்கையும் மூத்திரமும் விழுந்த இடத்தை விட்டு மறுநாள் பட்டியை நகர்த்திக் கட்டுவார்கள். ராமநாதபுரம் பக்கம் இதையே கிடை போடுவது என்பார்கள். காலியான காடு, மழைக்கு முந்தின நாட்கள், இரண்டும் சேரும் பங்குனி, சித்திரைதான் இதற்குக் காலம். மாசியிலேயே சொல்லி வைக்காவிட்டால் மந்தை வேறு ஊருக்குப் போய்விடும். பட்டி போட்ட இடத்தை மழை பெய்ததும் தாமதிக்காமல் உழுங்கள். குளத்து வண்டல் அடிக்க வேண்டுமானால் தாசில்தார் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். வாங்காமல் டிராக்டரை இறக்கினால் வம்பு.

"கம்பி வேலி போட்டா ஒரே நாள் வேலை. ஏன் கிளுவை நட்டுக்கிட்டு?"

முன்பக்கம் கம்பிதான் போட்டிருக்கிறோம், ஒளிக்கவில்லை. மற்ற மூன்று பக்கம் கிளுவை. சித்திரை, வைகாசி மழையை ஒட்டிப் போத்து வெட்டி நெருக்கமாக நட்டால், இரண்டு மூன்று வருஷத்தில் ஆடு நுழையாத வேலி. கிளுவைத் தழை ஆட்டுக்குத் தீனி. ஆனியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்றைக் கொஞ்சம் உடைக்கும். அந்தக் காற்றை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எங்கள் மாட்டுக் கொட்டகைத் தகரம் இரண்டு காடு தள்ளிக் கிடைத்தது. கூரை வேலையைச் சித்திரையிலேயே முடிக்கச் சொல்வது அதற்குத்தான்.

"வீட்டுக்குள்ள வேலை குறையுமா கூடுமா?"

இதைக் கேட்பது பெண்கள் மட்டும்தான். கூடும். கோடை வெயில் சமையலறைக்குச் சம்பளம் இல்லாத ஆள். அதை வீணாக்க அத்தை விட மாட்டார். வடகம், மோர்மிளகாய், கொத்தவரை வத்தல், சோளத்தையும் கம்பையும் காயப்போட்டு அள்ளுவது, எறும்பு ஓட்டுவது, கோழி ஓட்டுவது. புளி மட்டும் பத்து நாள் இழுக்கும். ஓடு தட்டி, நரம்பு உருவி, கொட்டை எடுத்து, வெயில் காட்டி, உப்பு தூவி மொடாவில் (பெரிய பானையில்) அமுக்கினால் வருஷம் தாங்கும்.

விதை வேலையும் இப்போதுதான். விதைத் துவரையைச் செம்மண் குழம்பில் பிரட்டி நன்றாகக் காயவைத்து எடுத்து வைப்போம், வண்டு அண்டாது. அவரை விதை சாம்பலில், சுரை விதை குடுவைக்குள்ளேயே. இதெல்லாம் ஆண்களும் செய்யக்கூடிய வேலைதான். எங்கள் வீட்டில் கொட்டை எடுப்பது அவர், டிவி பார்த்துக்கொண்டே.

"பாம்பு பூச்சி பயமில்லையா?"

பயம் உண்டு. தட்டுப் போரை வீட்டிலிருந்து தள்ளிப் போடுகிறோம், ராத்திரி டார்ச் இல்லாமல் யாரும் இறங்குவதில்லை, புழுக்கம் என்று வெறுந்தரையில் படுப்பதில்லை. கயிற்றுக் கட்டில், கொசுவலை. கட்டுவிரியன் ராத்திரியில் கடித்தால் வலியே தெரியாமல் போகலாம். கடித்தால் கட்டுப் போடாமல், கீறாமல், கடிபட்ட இடத்தை அசைக்காமல் 108-ஐக் கூப்பிட்டு அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். மந்திரிக்கிற இடத்துக்கு முதலில் போய் நேரம் போக்குவதுதான் ஆளைக் கொல்கிறது.

"பசங்க படிப்பு? வருமானம்?"

பள்ளி ஊரிலேயே, அரசுப் பள்ளி. ஏப்ரலில் பரீட்சையும் காட்டு வேலையும் ஒன்றாக வரும், அந்த மூன்று வாரம் வீட்டில் சத்தம் அதிகம். வருமானத்துக்கு அவர் வாரத்தில் மூன்று நாள் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்குக் கணக்கு எழுதப் போகிறார். காடு எங்கள் செலவைக் குறைக்கிறது, கையில் ரொக்கம் தருவது முட்டையும் இரண்டு கிடாயும் எள்ளும் மட்டும்தான். இரண்டு பேரும் ஒரே நாளில் வேலையை விட்டுவிட்டு வருகிறோம் என்று சொன்னவர்களை நான் தடுத்திருக்கிறேன். இனியும் தடுப்பேன்.

"அப்ப முதல் கோடையில என்ன மட்டும் செய்யலாம்?"

மண் பரிசோதனை: பத்துப் பதினைந்து இடத்தில் ஆறு அங்குல ஆழத்துக்கு ஆங்கில 'வி' வடிவில் குழி வெட்டி, பக்கவாட்டு மண்ணைச் சுரண்டி, கலந்து, அரைக்கிலோ கொடுத்தால் போதும். வரப்பு, உழவு, போத்து, ஆறு கோழி. ஆடு, மாடு, பழமரம், புது வீடு எல்லாம் அப்புறம். நாங்கள் எட்டு வேலையை ஒரே கோடையில் ஆரம்பித்து, மழை வந்தபோது ஏழு பாதியில் நின்றன. முடிந்தது கோழிக்கூண்டு மட்டும். அதிலிருந்த குஞ்சுகளின் கதையை மேலே சொல்லிவிட்டேன்.

"வர்ற சித்திரைக்கு நாங்க குடும்பத்தோட வந்து பத்து நாள் இருந்து பாக்கலாமா?"

வாங்க. செருப்புக்குப் பதில் ஷூ, ஆளுக்கொரு தொப்பி, நாலரை மணிக்கு எழுகிற மனசு. நுங்கு கிடைக்கும், கம்மங்கூழ் கிடைக்கும், சாயங்காலம் குட்டையில் தண்ணீர் இருக்குமா என்பது மழையைப் பொறுத்தது. போன வருஷப் புளியில் இன்னும் அரை மூட்டை கொட்டை எடுக்காமல் கிடக்கிறது, அதை உங்களுக்கென்றே வைத்திருப்பதாக அத்தை சொல்லச் சொன்னார்.